கல்லில் விடுபட்ட எழுவாய்: பேராக் தோட்டப்புறத்தின் வரலாற்றுக் குறிகள்



மொழியியலில் எப்பொருள் பற்றியும் பேசலாம் என்று மன்றத்தார் எனக்கு உரிமை தந்தனர். ஒலியனியலைப் பற்றியோ தொடரியலைப் பற்றியோ பேசியிருக்கலாம். ஆயினும், ஈப்போ நகரில் கூடியிருக்கும் இவ்வவையில் பெரும்பாலோர், தம் பெற்றோரின் ஊர் எது என்று கேட்டால் ஒரு ரப்பர் தோட்டத்தின் பெயரைச் சொல்லக் கூடியவர்கள். அத்தோட்டங்களுட் பல இன்று இல்லை. சில செம்பனைக் காடாயின. சில வீடமைப்புப் பகுதிகளாயின. சிலவற்றின் மீது நெடுஞ்சாலை செல்கிறது. ஓரிடம் மறைந்த பின் அவ்விடத்தை நினைவூட்டுவது எழுத்து. அவ்வெழுத்தை எவர் எழுதினார், எவரைப் பற்றி எழுதினார், எவரை விட்டுவிட்டு எழுதினார் என்பன இலக்கணத்தோடு தொடர்புடைய வினாக்கள். ஆதலின் வரலாற்றுக் குறிகளைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

வரலாற்றுக் குறி என்று நான் கூறுவது, ஒரு நிகழ்ச்சி நடந்த இடத்திலேயே நின்று அதனை வருவோர்க்கு அறிவிக்கும் எழுத்தை. நினைவுக் கல், உலோகத் தகடு, கல்லறை வாசகம், சாலைப் பெயர், பள்ளியின் பெயர்ப்பலகை ஆகிய யாவும் இதனுள் அடங்கும். இவற்றை நோக்கி நாம் கேட்கவேண்டிய முதல் வினா, தொடக்கப் பள்ளி இலக்கண வகுப்பில் கேட்கும் அதே வினா: இவ்வாக்கியத்தில் எழுவாய் யாது?

நடுகல்லின் வாக்கிய அமைப்பு

இடத்தைக் கல்லால் குறிப்பது தமிழர்க்குப் புதிதன்று. கல்லைத் தேடிக் காண்பது முதல் அதனை நட்டு வாழ்த்துவது வரையுள்ள படிநிலைகளைத் தொல்காப்பியப் புறத்திணையியல் முறைப்படுத்திக் கூறுகிறது. இது வெறும் இலக்கிய மரபு என்று எண்ணியிருந்தோர்க்கு, 2006-ஆம் ஆண்டில் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்கள் விடையளித்தன. அவற்றுள் ஒன்றில் ஆகோள் என்னும் சொல்லே பொறிக்கப்பட்டிருந்தது. ஆநிரை கவர்தலைக் குறிக்கும் இலக்கணக் கலைச்சொல் ஒரு சிற்றூரின் கல்லில் வாழ்வின் சொல்லாக நின்றது.

பிற்காலத்துப் பல்லவர் ஆட்சியில் எழுந்த செங்கம் வட்டார நடுகற்களை நோக்குங்கள். அவற்றின் வாசகம் ஏறத்தாழ ஒரே வாய்பாட்டில் அமையும். முதலில் அரசனின் ஆட்சியாண்டு வரும், பின்பு ஊரும் தலைவனும் குறிக்கப்படுவர், பின்பு நிகழ்ச்சி, இறுதியில் இறந்தவனின் பெயரும், 'பட்டான்' என்னும் வினையும் வரும். இங்கே மன்னனின் பெயர் நான்காம் வேற்றுமை உருபேற்று, காலத்தைக் காட்டும் அடையாக நிற்கிறது. எழுவாயாக நிற்பவன் ஆநிரை மீட்கச் சென்று உயிர்நீத்த ஊர்க்காரன். பேரரசனைக் கால அளவையாகவும் எளியவனை எழுவாயாகவும் வைத்த இவ்வாக்கிய அமைப்பை, நான் நம் மொழியின் அரிய சாதனைகளுள் ஒன்றாகக் கருதுகின்றேன்.

கடல் கடந்தும் இவ்வழக்கம் சென்றது. தாய்லாந்தின் தக்குவாப்பாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளத்தையும் மணிக்கிராமத்தாரையும் குறிக்கிறது. சுமத்திராவின் பாருசில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினரின் முடிவைப் பதிவு செய்கிறது. வணிகராய் வந்த தமிழர் தம் பெயரைக் கல்லில் இட்டுச் சென்றனர். உழைப்பாளராய் வந்த தமிழர் நிலை என்ன?

பேராக்கில் கற்கள் கூறுவன

கோலகங்சாருக்குச் செல்லுங்கள். அங்கே வேலியிட்டுக் காக்கப்படும் ஒரு ரப்பர் மரம் நிற்கிறது. 1876-இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்காம் இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டுசென்ற விதைகளின் வழி வந்தது அது. 1877-இல் கியூவிலிருந்து சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்ட 22 கன்றுகளுள் 9 கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றை நட்டவர் என்று போற்றப்படுபவர் அன்றைய பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ. அம்மரத்திற்கு ஒரு குறி இருப்பது முறையே. ஆனால், அம்மரத்தின் வழித்தோன்றல்களாகிய கோடிக்கணக்கான மரங்களில் விடியற்காலையில் பால் வெட்டியவர்க்கு அதற்கு இணையான குறி எங்கே இருக்கிறது?

அதே 1877-ஆம் ஆண்டில் மற்றொரு நிகழ்ச்சியும் நடந்தது. பேராக்கின் முதல் ரெசிடெண்ட் ஜே. டபிள்யூ. டபிள்யூ. பர்ச், 1875-ஆம் ஆண்டு நவம்பரில் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அதற்காக டத்தோ மகாராஜா லேலா, டத்தோ சாகோர் முதலியோர் 1877-இல் தூக்கிலிடப்பட்டனர். 1909-இல் ஈப்போவில் பர்ச்சின் நினைவாக மணிக்கூண்டு எழுந்தது. இன்று அதன் அருகே செல்லும் சாலைக்கு டத்தோ சாகோரின் பெயர் வழங்குகிறது. மணிக்கூண்டை எவரும் இடிக்கவில்லை. சாலைப் பெயர் அதற்கு எதிர்வாக்கியமாக நிற்கிறது. ஒரு குறியை அழிப்பதைவிட அதனருகே மற்றொரு குறியை நாட்டுவது வரலாற்றுக்கு நலம் பயக்கும் என்பதற்கு, ஈப்போவின் இந்த மூலை நல்ல சான்று. நான் பின்னர்க் கூறப்போகும் கருத்துக்கும் இதுவே அடிப்படை.

அடுத்து, பத்து காஜாவுக்கு அருகிலுள்ள கெல்லி மாளிகை. ஸ்காட்லாந்தின் கெல்லாஸ் என்னும் சிற்றூரைச் சேர்ந்த வில்லியம் கெல்லி ஸ்மித், தம் தோட்டத்திற்குக் கிந்தா கெல்லாஸ் என்று பெயரிட்டார். 1915-இல் அம்மாளிகையைக் கட்டத் தொடங்கினார். சென்னை மாகாணத்திலிருந்து தொழிலாளர்கள் வரவழைக்கப்பட்டனர். 1918-இல் உலகெங்கும் பரவிய விஷக் காய்ச்சல் அத்தொழிலாளருள் பலரைக் கொண்டுபோயிற்று. அதன் பின் அருகில் மாரியம்மன் கோயில் எழுந்தது. 1926-இல் ஸ்மித் லிஸ்பன் நகரில் காலமானார். மாளிகை முற்றுப்பெறாமலே நின்றது.

அம்மாரியம்மன் கோயிலின் சுதைச் சிற்பங்களிடையே ஐரோப்பிய உடையணிந்த ஒருவரின் உருவம் இருக்கிறது. அது கெல்லி ஸ்மித்தின் உருவம் என்பது மக்கள் வழக்கு. இதனை ஒரு வாக்கியமாகப் படித்துப் பாருங்கள். கோயில் கிடைத்த நன்றிக்காகத் தொழிலாளர் தம் முதலாளியைத் தெய்வங்களின் வரிசையில் நிறுத்தினர். மாளிகையைப் பார்க்க வருவோர் முதலாளியின் பெயரை அறிந்து செல்கின்றனர். அக்காய்ச்சலில் இறந்தவர்களின் பெயர்களோ பயணிகளின் நாவில் இல்லை.

பத்து காஜாவிலேயே கிறித்தவக் கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. 1948-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் கொல்லப்பட்ட மூன்று ஐரோப்பியத் தோட்ட நிருவாகிகள் அங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அக்கொலைகளைத் தொடர்ந்தே மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அம்மூவர்க்கும் பெயரும் நாளும் பொறித்த கற்கள் உள்ளன. ஆண்டுதோறும் அங்கே அஞ்சலி நடைபெறுகிறது. மாண்டவர் எவராயினும் பெயர் சொல்லி நினைப்பது மாந்தப் பண்பு. அதில் நமக்குக் குறை கூற ஒன்றுமில்லை. நாம் கேட்பது, அதே பண்பு எல்லார்க்கும் நீள வேண்டும் என்பதே.

இவ்விடத்தில் சயாம் மரண ரயில்பாதையை நினையாதிருக்க இயலாது. 1942, 1943 ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் நீளமுடைய அப்பாதையை அமைக்கப் பேராக் உள்ளிட்ட மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 12,000 பேர். ஆசியத் தொழிலாளருள் இறந்தோர் 90,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிடுவர். காஞ்சனாபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகளுக்குத் தனித்தனிக் கற்கள் உண்டு. போர்க்கைதிகளின் பெயரும் எண்ணும் படைப் பதிவேட்டில் இருந்தன. தொழிலாளரை அவ்வாறு எழுதிவைத்துக் காத்த ஏடு இல்லை. அதனால் மதிப்பீடுதான் எஞ்சியது. 2023-இல் காஞ்சனாபுரியில் ஒரு பௌத்த ஆலய வளாகத்தில் தமிழர் முயற்சியால் நடுகல் ஒன்று நிறுவப்பட்டது. நடுகல் என்னும் பழஞ்சொல் எண்பது ஆண்டுக் கால மௌனத்தின் பின் உரிய பொருளில் மீண்டும் வழங்கலாயிற்று. ஆனால் அக்கல்லிலும் தனித்தனிப் பெயர்களைப் பொறிக்க இயலாது. பெயர்களை உரிய காலத்தில் எழுதிவையாவிடின், பிற்காலத்தார் எவ்வளவு அன்புடையவராயினும் அவற்றை மீட்க முடியாது என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

செய்தவரை மறைக்கும் வினை

நம் நினைவுத் தகடுகளில் மிகுதியாக வரும் வினைகளைத் தொகுத்துப் பாருங்கள். 'திறக்கப்பட்டது', 'நிறுவப்பட்டது', 'கட்டப்பட்டது', 'மூடப்பட்டது' என்பனவே பெரும்பாலும் வரும். இவை செயப்பாட்டுவினைகள். செய்வினையில் செய்தவர் எழுவாயாக நிற்பார். செயப்பாட்டுவினையிலோ செய்யப்பட்ட பொருள் எழுவாயாகிறது; செய்தவரை 'ஆல்' உருபு கொடுத்துக் கூறலாம், கூறாமலும் விடலாம். அவ்விடுதலில்தான் வரலாறு நழுவுகிறது. 'இன்ன ஆண்டில் காடு அழிக்கப்பட்டு ரப்பர் பயிரிடப்பட்டது' என்ற வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் காட்டை அழித்தவர் இல்லை. மலேரியாவில் மடிந்தவர் இல்லை. கங்காணியுடன் கப்பலேறி வந்தவர் இல்லை. 'திறந்து வைத்தார்' என்னும் செய்வினை மட்டும் தகட்டில் தவறாமல் வருகிறது. அதற்கு எழுவாய் எப்போதும் ஒரு பிரமுகர்.

செயப்பாட்டுவினையை ஒதுக்கிவிடுங்கள் என்று நான் கூறவில்லை. அது வேண்டிய இடங்கள் உண்டு. ஒரு நினைவுக் குறியில் அதனைப் பயன்படுத்தும்போது, 'யாரால்' என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

பள்ளிப் பெயர் என்னும் கல்வெட்டு

கல்லில் இல்லாத வரலாறு பெயரில் தங்கியிருப்பதுண்டு. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டங்கள் பள்ளி அமைக்க வேண்டும் என்று விதித்தது. அவ்வாறு எழுந்த பள்ளிகள் தத்தம் தோட்டத்தின் பெயரையே தாங்கின. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன, மக்கள் நகர்ப்புறம் பெயர்ந்தனர். பள்ளிகளுட் சிலவும் இடம் பெயர்ந்தன. ஆயினும் பெயர் பெரும்பாலும் மாறவில்லை. இன்று பேராக்கில் 130-க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுட் பலவற்றின் பெயரில் தோட்டத்தைக் குறிக்கும் 'லாடாங்' என்னும் மலாய்ச் சொல் இன்னும் இருக்கிறது.

கிந்தா கெல்லாஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்னும் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். கிந்தா என்பது நம் ஆற்றின் பெயர், கெல்லாஸ் என்பது ஸ்காட்லாந்துச் சிற்றூரின் பெயர், எஞ்சியவை தமிழ். ஒரே பெயர்ப்பலகையில் பேராக்கின் நிலமும், முதலாளி பிறந்த ஊரும், உழைத்தவரின் மொழியும் அடுக்கடுக்காக உள்ளன. எல்பில் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெயரோ, அவசரகாலத்தின் தொடக்கத்தை நினைவூட்டும் ஒரு தோட்டத்தின் பெயர். நாள்தோறும் அப்பலகையின் கீழ் நடந்து வகுப்பறைக்குச் செல்லும் மாணவர்க்கு, தாம் ஒரு கல்வெட்டின் கீழ் நடக்கிறோம் என்பதை யார் சொல்வது? அஃது ஆசிரியரின் கடமை என்பேன்.

பள்ளிப் பெயர்களை நவீனப்படுத்த வேண்டும், தோட்டம் என்னும் சொல் தாழ்வைக் குறிக்கிறது என்று வாதிடுவோர் உள்ளனர். அவர்தம் மனவேதனையை நான் புரிந்துகொள்கின்றேன். தோட்டத்துப் பிள்ளை என்னும் தொடர் இழிவாக ஒலித்த காலம் ஒன்று இருந்தது. ஆனால் அவ்விழிவு சொல்லின் உள்ளே பிறந்ததன்று. சொன்னவரின் குரலில் இருந்தது. பெயரை மாற்றினால் குரல் மாறாது, நினைவுதான் மறையும்.

அலுவல் ஏட்டில் இடம்பெறாத பெயர்கள் மற்றொரு வகை. பெரும்பாலான தோட்டங்களுக்கு நிறுவனம் இட்ட பெயர் ஒன்று, தொழிலாளர் வழங்கிய பெயர் ஒன்று என இரண்டு இருந்தன. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் இவ்வழக்கு உண்டு. உரிமையாளரின் குலப்பெயரால், மலையால், ஆற்றால், பழைமை புதுமையால் மக்கள் பெயரிட்டனர். தோட்டத்தின் உள்ளேயும் பெரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, மேட்டு லயம், பால் கொட்டகை என்று இடப்பெயர்கள் இருந்தன. பெரட்டு என்பது 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் வழி வந்ததாகக் கொள்ளப்படும். லயம் 'லைன்' என்பதன் திரிபு. மரத்திற் கட்டிய மங்கு மலாய் மொழியின் 'மங்கோக்'. பால் வாளிகளைத் தோளில் சுமந்த காண்டா அதே மொழியின் 'கண்டார்'. ஒரு தொழிலாளி தமக்கு ஒதுக்கிய மரவரிசையை நிரை என்றார். ஆநிரையின் நிரையும் பால்மர நிரையும் ஒரே சொல்தான். சங்க காலத்துச் சொல் ஒன்று ரப்பர்க் காட்டில் புதுப்பொருள் பெற்று வாழ்ந்ததை எந்த அகராதியின் எந்தப் பதிப்பு விரிவாகப் பதிவு செய்யப்போகிறது? இச்சொற்களை இயல்பாக வழங்கிய தலைமுறையினர் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்தவர்கள்.

ஆசிரியரும் மாணவரும் செய்யக் கூடியவை

குறை கூறி நிறுத்துவது இவ்வுரையின் நோக்கமன்று. பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்கு 2012-இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே ஒரு குகையில் 1991-இல் கண்டெடுத்த பேராக் மனிதனின் எலும்புக்கூடு, ஏறத்தாழ 11,000 ஆண்டுப் பழைமையுடையது. பெயரறியாத ஒருவரின் எச்சத்தை இத்துணை மதிப்புடன் போற்றத் தெரிந்த மாநிலம் நம்முடையது. அறுபது ஆண்டுகளுக்கு முன் இங்கு உழைத்து மாண்டவர்களைப் போற்றுவதற்கு வேண்டிய சான்றுகளை நாம் தொகுத்துத் தருவோமாயின், கேட்பதற்குச் செவிகள் இருக்கும். 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டமும் நடைமுறையில் உள்ளது. சான்று இன்றி முறையீடு மட்டும் செய்தால் எவரும் செவிசாய்ப்பது அரிது.

ஒவ்வொரு பள்ளியும் ஒரு தோட்டத்தை மேற்கொள்ளட்டும். முதலாவதாக, எழுத்துச் சான்றுகளைத் தேடுங்கள். தோட்டக் கோயில்களின் உபயப் பலகைகள் அரிய ஆவணங்கள். கடிகாரத்திலும் குழல்விளக்கிலும் கூட உபயதாரர் பெயரை எழுதும் வழக்கத்தைக் கண்டு நாம் நகைப்பதுண்டு. ஆனால் ஏழைத் தொழிலாளர் தம் பெயரைத் தாமே பொது இடத்தில் எழுதிவைத்த ஒரே எழுத்து பல இடங்களில் அதுவே. பெயர், ஆண்டு, தோட்டப் பிரிவு, கொடுத்த பொருள் ஆகியவை அதில் உள்ளன. கோயிலுக்கு வண்ணம் பூசும்போது முதலில் மறைவதும் அதுவே. எனவே திருப்பணி தொடங்கும் முன் படம் எடுத்துவிடுங்கள்.

இரண்டாவதாக, கல்லறைகள். தோட்ட இடுகாடுகளில் சிமெண்டுப் பலகையின் ஈரம் காயுமுன் ஆணியாலோ குச்சியாலோ எழுதிய வாசகங்களைக் காணலாம். அவற்றில் எழுத்துப் பிழை இருக்கும். அப்பிழைகளைத் திருத்தாமல் உள்ளவாறே படியெடுங்கள். எழுதியவரின் உச்சரிப்பும் அவர் பிறந்த வட்டாரமும் அப்பிழையில்தான் உள்ளன. சுண்ணாம்போ எண்ணெயோ தடவாதீர்கள். காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெயிலில் படம் எடுத்தால் எழுத்து தானே தெளியும். அன்றியும், அது துயரின் இடம். உறவினர் இருப்பின் அவர்தம் இசைவைக் கேட்ட பின்னரே செல்லுங்கள்.

மூன்றாவதாக, வாய்மொழி. முதியோரிடம் 'உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்' என்று கேட்டால் அவர்கள் திகைப்பார்கள். 'தாத்தா, லயத்திலிருந்து பெரட்டுக் களத்திற்கு எப்படிப் போவீர்கள்? வழியில் என்னென்ன இருந்தன?' என்று கேளுங்கள். வழியைச் சொல்லும்போது இடப்பெயர்கள் வரும். இடப்பெயர்களோடு மனிதர் பெயர்கள் வரும். அதனை ஒரு வரைபடமாக வரைந்து அவரிடமே காட்டித் திருத்துங்கள்.

இவை மூன்றும் திரண்ட பின் குறியின் வாசகத்தை எழுதுங்கள். அது நூறு சொற்களுக்குள் அமைதல் நன்று. தோட்டத்தின் அலுவல் பெயரும் மக்கள் வழங்கிய பெயரும் வேண்டும். தொடக்கமும் முடிவுமாகிய ஆண்டுகள் வேண்டும். எவர், எங்கிருந்து வந்து, என்ன செய்தார்கள் என்னும் செய்வினை வாக்கியம் ஒன்றேனும் வேண்டும். தோட்டம் மூடியபின் எங்குச் சென்றார்கள் என்பதும் வேண்டும். தமிழோடு மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். நம் வரலாற்றை அண்டை வீட்டார் படிக்க இயலாவிடின் அது நாட்டின் வரலாறாகாது. ஒரே தோட்டத்தில் சீனரும் மலாய்க்காரரும் உழைத்திருப்பின் அவர்களையும் எழுவாயாக்குங்கள். விடுபடுதலின் வலியை அறிந்தவர் பிறரை விடலாகாது.

கல் நாட்ட இடமோ பொருளோ கிடைக்காமற் போகலாம். நிலம் இன்று தனியார் உடைமையாகவும் இருக்கலாம். அதற்காகப் பணியை நிறுத்த வேண்டா. பள்ளி நுழைவாயிலில் ஒரு பலகை போதும். தோட்டத்தின் பெயரைத் தாங்கும் பள்ளிக்கு, அத்தோட்டத்தின் கதையைத் தன் சுவரில் எழுதிவைக்கும் உரிமையை எவரும் மறுக்கமாட்டார்.

1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, துண்டாடப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர் தம் சிறுசேமிப்பால் வாங்கலாம் என்று காட்டினார். சுங்கை சிப்புட்டில் பிறந்த அவர், நிலத்தைச் சிறு தொகைகளால் மீட்கலாம் என்று நம்பினார். நினைவையும் அவ்வாறே மீட்கலாம். ஒரு மாணவர் ஓர் இடப்பெயர், ஓர் ஆசிரியர் ஒரு பலகை, ஒரு பள்ளி ஒரு தோட்டம் என்று தொடங்கினால் போதும். செங்கத்துக் கல்தச்சன் அரசனைக் கால அடையாக்கி ஊர்க்காரனை எழுவாயாக்கினான். அவ்வாக்கியத்தை எழுதும் இலக்கணம் நம்மிடம் இருக்கிறது. பெயர்களைச் சொல்லக் கூடியவர்களும் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கின்றனர். இவ்விரண்டும் ஒருங்கே இருக்கும் காலம் நீளாது. இவ்வாண்டு விடுமுறையிலேயே தொடங்குங்கள்.